ரோட்டுக்கு மேற்கு

பிப்ரவரி 16, ஞாயிறு

ஏழாவது வீடும் போய்விட்டது. இந்த முறை நான் குழாயைத் திறந்து பார்த்த நேரத்தில் போனது. வடவள்ளியில் இரண்டு படுக்கையறை வீடு. சமையலறையில் தண்ணீர் எந்த வேகத்தில் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்ற ஒருவர் ஃபோனிலேயே டோக்கன் அட்வான்ஸை அனுப்பிவிட்டார். வீட்டுக்காரரின் ஃபோன் ஒருமுறை 'டிங்' என்றது. நான் குழாயை மூடினேன்.

வெளியே வந்ததும் புரோக்கர் சென்னியப்பன், "கோயமுத்தூர்ல இனிமே வீட்டைப் பார்த்துட்டு வாங்க முடியாதுங்க. வாங்கிட்டுத்தான் பார்க்கோணும்" என்றார். இவர் சிரிக்கவில்லை. இவர் என்றால் என் கணவர் சம்பத். பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதகர். நூல் அளவு பிசகினாலும் சரக்கைத் திருப்பி அனுப்புகிற வேலை. வீடு பார்க்கவும் அதே கண்ணோடுதான் வருகிறார். சுவரைத் தட்டி, தரையில் கோலி உருட்டி முடிப்பதற்குள் வீடு வேறு ஆளுக்குப் போய்விடுகிறது.

மே 31க்குள் நாங்கள் இந்த மாடியைக் காலி செய்ய வேண்டும். கீழ்வீட்டு ஓனரம்மா சுலோச்சனா நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். மகன் பெங்களூரிலிருந்து வருகிறானாம். மூன்றரை வருஷத்தில் இது மூன்றாவது வீடு. இன்னொரு வாடகை வீட்டுக்கு ஃபோன் செய்தால் முதலில் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். "குழந்தை இருக்குதுங்களா? ஓடுமா?"

புரூஃப் கட்டு பாக்கி இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தமிழ் கைடு, வேற்றுமைப் பகுதி. ஒரே பக்கத்தில் ஒன்பது பிழை.


பிப்ரவரி 19, புதன்

ஆதிரை முன்னங்காலில் நடக்கிறாள். குதிகால் தரையில் படவே இல்லை. எத்தனை நாளாக என்று தெரியவில்லை. பெற்றவளுக்குத் தெரியாமல் இது எப்படிப் போனது?


பிப்ரவரி 20, வியாழன்

இணையத்தில் படித்தேன். படித்திருக்கக் கூடாது.


பிப்ரவரி 23, ஞாயிறு

நங்கையா வந்திருந்தார். இவருடைய அக்கா, ஆடிட்டர் ஆபீஸில் வேலை. எட்டாவது வீடு ஏன் கைகூடவில்லை என்று கேட்டார். வில்லங்கச் சான்றிதழில் ஒரு அடமானம் பாக்கி இருந்ததை நான்தான் கண்டுபிடித்தேன் என்று இவர் சொன்னார். நங்கையா என்னைப் பார்த்துச் சிரித்தார். "வாணி, நீ புள்ளையப் பாரு. பத்திரம், லோன் எல்லாம் உன்ற தமிழ்ல வராது."

எம்.ஏ. தமிழில் நான் பல்கலைக்கழக அளவில் மூன்றாவது இடம். அதை அப்போது சொல்லவில்லை. தோசை வார்த்துக் கொடுத்தேன். அவருக்கு வைத்த சட்னியில் உப்பு போட மறந்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை.

சாயங்காலம் ஆதிரை பந்தைத் துரத்திக்கொண்டு ஹாலில் ஓடினாள். கீழிருந்து ஒட்டடைக் கம்பால் இரண்டு தட்டு. சுலோச்சனா அம்மாவுக்கு ஒற்றைத் தலைவலி. நான் பந்தை எடுத்துப் பீரோ மேல் வைத்தேன். "மெல்ல, கண்ணு, மெல்ல" என்றேன். அவள் அழவில்லை. அவள் எதற்கும் அழுவதில்லை, அவ்வளவு நல்ல குழந்தை.


மார்ச் 2, ஞாயிறு

இன்று பார்த்த வீட்டைப் பற்றி எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதினால் போய்விடுமோ என்று.

இடையர்பாளையம். மூன்று சென்ட். மாடி இல்லை. சிவப்புச் சிமெண்ட் தரை, இரண்டு அறை, பின்னால் ஒரு கறிவேப்பிலை மரம், பக்கத்தில் தகரக் கொட்டகை. கொட்டகையில் வீட்டுக்காரர் மயில்சாமி மோட்டார் ரீவைண்டிங் செய்கிறார். ஐம்பது வயதிருக்கும். விரல் நுனியெல்லாம் வார்னிஷ் பிடித்திருந்தது. சூலூரில் வீட்டோடு சேர்ந்த பெரிய கொட்டகைக்கு முன்பணம் கொடுத்திருக்கிறார். சித்திரை ஒன்றாம் தேதிக்குள் மீதியைக் கட்டாவிட்டால் கொடுத்ததும் போய்விடும்.

இந்தச் சந்தையில் இப்படி ஒரு வீடு எப்படி இன்னும் விற்காமல் இருக்கிறது என்று இவர் கேட்டார். சென்னியப்பன் தொண்டையைச் செருமினார். முன்பே இரண்டு பேர் வந்து, விலை பேசி, வங்கிக் கடனுக்குப் போயிருக்கிறார்கள். இரண்டு வங்கியும் மாட்டேன் என்று சொல்லிவிட்டன. "செக்குபந்தி ஒத்து வரலீங்க" என்றார். செக்குபந்தி என்றால் பத்திரத்தில் எழுதியிருக்கும் நான்கு எல்லை. பத்திரப்படி ரோடு வீட்டுக்கு மேற்கே இருக்கிறதாம். நேரில் பார்த்தால் கிழக்கே இருக்கிறது.

"இருவத்திரண்டு வருஷமா இங்க குடியிருக்கறனுங்க" என்றார் மயில்சாமி. "காலையில வெயிலு வாசல்ல வந்து உக்காருது. வாசல் மேற்கால பார்த்திருக்குன்னு வக்கீல் இங்கிலீசுல எழுதிக் குடுத்துட்டாரு. நான் வெயில நம்பறதா, வக்கீல நம்பறதா சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டும் என்று அந்த வக்கீல் ஆபீஸில் சொல்லியிருக்கிறார்கள். மயில்சாமிக்கு மனையை விற்றவர் இறந்துவிட்டார். வாரிசுகள் ஐந்து பேர், மைசூரில் இருவர், மற்றவர் எங்கே என்றே தெரியாது. அதனால் விலையில் ஐந்து லட்சம் குறைத்திருக்கிறார்.

திரும்பும்போது இவர், "குறைச்ச விலைக்குக் குறைபாடு இருக்கத்தான் செய்யும்" என்றார். பத்திர நகலையும் வக்கீல் ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கிக் கைப்பையில் வைத்திருந்தேன்.

மயில்சாமியின் மனைவி ரங்கநாயகி ஆதிரைக்கு முறுக்கு கொடுத்தார். அவள் அந்தச் சிவப்புத் தரையில் முன்னங்காலில் நடந்து போய் வாங்கிக்கொண்டாள்.


மார்ச் 5, புதன்

குழந்தை டாக்டர் ஆதிரையின் இரண்டு பாதத்தையும் மடக்கிப் பார்த்தார். வராந்தாவில் நடக்கவிட்டார். அங்கே அவள் முழுப் பாதம் ஊன்றி, கையை வீசிக்கொண்டு நடந்தாள். "நல்லாத்தானே நடக்கறா" என்றார் டாக்டர். வீட்டில் அப்படி நடப்பதில்லை என்றேன். வீட்டில் மட்டுமா என்று கேட்டார். புது இடத்திலும் முன்னங்காலில்தான் நடந்தாள், ஒரு வீட்டில், என்றேன். அவர் என் பக்கம் திரும்பி, "நீங்க நல்லாத் தூங்கறீங்களா?" என்று கேட்டார்.

சரியாகப் பார்க்கவில்லை. வேறு டாக்டரிடம் போக வேண்டும்.


மார்ச் 8, சனி

கேரட் பொரியல். துணி இரண்டு வாளி. கீழிருந்து இரண்டு கம்புத் தட்டு, ஒன்று நான் மிக்ஸி போட்டதற்கு.

பத்திர நகலைப் படிக்க எடுத்தேன், ஆதிரை எழுந்துவிட்டாள்.


மார்ச் 9, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மத்தியானம் ஆதிரை தூங்கும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஒன்று பத்திரம். இன்னொன்று வக்கீல் ஆபீஸ் அதை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்த ரிப்போர்ட். பத்திரத்தில் இப்படி இருக்கிறது: "இதற்குச் செக்குபந்தி: 23 அடி தென்வடல் ரோட்டுக்கு மேற்கு, வேலுமணி மனைக்குத் தெற்கு, மாராத்தாள் வீட்டுக்குக் கிழக்கு, எட்டாம் நெம்பர் மனைக்கு வடக்கு, இதன் மத்தியில்..."

ரிப்போர்ட்டில், மேற்கு: ரோடு. தெற்கு: வேலுமணி மனை. கிழக்கு: மாராத்தாள் வீடு. வடக்கு: எட்டாம் நெம்பர்.

மூன்று முறை படித்தேன். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ரோட்டுக்கு மேற்கு என்றால், ரோட்டுக்கு மேற்கே நம் மனை இருக்கிறது. அப்படியானால் மனைக்குக் கிழக்கேதான் ரோடு. கு என்ற ஓர் எழுத்தை யாரோ விழுங்கிவிட்டார்கள். நான்காம் வேற்றுமை. மூன்று வாரமாக நான் கைடில் திருத்திக்கொண்டிருக்கும் அதே உருபு. அது போனதும் நான்கு எல்லையும் திரும்பிக்கொண்டன. ஒரு வீடே தன் முதுகைத் தெருவுக்குக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

இரண்டு வங்கிக்கும் ஒரே வக்கீல் ஆபீஸ். முதல் ரிப்போர்ட்டையே இரண்டாவதற்கும் நகல் எடுத்திருக்கிறார்கள். தமிழில் எழுதிய பத்திரத்தை யாருமே தமிழில் படிக்கவில்லை.

பத்திரத்தில் ஒரு தப்பும் இல்லை.


மார்ச் 10, திங்கள்

காலையில் ஆதிரையைக் கூட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் இடையர்பாளையம் போனேன். சமையல் மேடையின் நீளத்தை அளக்க வந்ததாகச் சொன்னேன். வடக்குப் பக்கத்து வீட்டின் கேட்டில் பெயர்ப்பலகை இருந்தது. வேலுமணி. தெற்கே எட்டாம் நெம்பர். எல்லாம் சரி. சமையல் மேடையையும் அளந்தேன், ஆறே முக்கால் அடி.

இவர் வந்ததும் சொன்னேன். முதலில் நம்பவில்லை. காகிதத்தில் கட்டம் போட்டு, ஸ்கேல் வைத்து, ஒவ்வொரு எல்லையாகத் தானே சரிபார்த்தார். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "மேடம், உங்களுக்கு என்ன சம்பளம் குடுக்கறது?" என்றார். கல்யாணமான ஐந்து வருஷத்தில் என் படிப்பைப் பற்றி இவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. இல்லை, இரண்டாவது. பெண் பார்க்க வந்தபோது ஒன்று சொன்னார்.

அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இதை யார்கிட்டயும் சொல்லாதே. குறைச்ச விலைக்கே அட்வான்ஸ் குடுத்து அக்ரிமென்ட் போட்டுரலாம். அதுக்கப்புறம் பேங்க்ல நாமளே விளக்கிக்கலாம்" என்றார்.

சரி என்றேன். இதில் யாரையும் ஏமாற்றுவது இல்லை. அவராகக் குறைத்த விலை. நாங்கள் பேரம்கூடப் பேசவில்லை. இந்த வரிகளை மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன், இது நான்காவது முறை.


மார்ச் 12, புதன்

நாளை டோக்கன். நாங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை.


மார்ச் 13, வியாழன்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்குப் போனோம். இவர் அரை நாள் லீவு. சென்னியப்பன் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். தட்டில் வெற்றிலை பாக்கு, இரண்டு வாழைப்பழம். இவர் பணக் கவரை எடுத்துத் தட்டில் வைக்கப் போனார். ரங்கநாயகி காப்பி கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டுப் போகவில்லை.

"இவர நம்பித்தாங்க அன்னைக்கு என்ற நகையெல்லாம் குடுத்தேன்" என்றார், எங்களிடம். "எட்டாவது படிச்ச மனுசன், நாலு பேருகிட்டப் படிச்சுக் காட்டி வாங்கியிருக்கோணும். ஒருத்தன் தப்பான பத்திரத்தக் கையில குடுத்தான், இவரு சந்தோசமா வாங்கிட்டு வந்தாரு. இருவத்திரண்டு வருசம் பீரோவுல வெச்சுச் சாமி கும்பிட்டோம்."

மயில்சாமி விரல் நுனி வார்னிஷை நகத்தால் சுரண்டிக்கொண்டே, "ஏமாந்துட்டனுங்க. படிக்கத் தெரியாதவன் ஏமாறத்தான் செய்வான்" என்றார்.

சென்னியப்பன், "விடுங்க, இனி என்னத்துக்கு அது" என்று தட்டை இவர் பக்கம் நகர்த்தினார்.

நான் சொல்ல வேண்டும் என்று திட்டம் போட்டு வரவில்லை. வாய் தானாகத் திறந்தது. "அண்ணா, பத்திரத்துல தப்பே இல்லீங்க. படிச்சவங்கதான் தப்பாப் படிச்சிருக்காங்க."

இவர் கை கவரோடு அப்படியே நின்றது.

கொட்டகையிலிருந்து ஒரு சாக்பீஸ் வாங்கி, அந்தச் சிவப்புத் தரையிலேயே வீட்டை வரைந்தேன். ரோட்டை வரைந்தேன். வேலுமணி, மாராத்தாள், எட்டாம் நெம்பர். பத்திரத்தை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். ரோட்டுக்கு மேற்கு என்றால் ரோட்டுக்கு மேற்கால உங்க வீடு. உங்க வீட்டுக்குக் கிழக்கால ரோடு. வெயில் சரியாகத்தான் வருகிறது.

மயில்சாமி குனிந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாசலைப் பார்த்தார். மறுபடி படம். அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நான் ஏமாறலீங்களா?" என்றார்.

"இல்லீங்கண்ணா. நல்ல பத்திரம். ஒரு ஒற்றுப் பிழைகூட இல்ல."

ரங்கநாயகி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். பாத்திரம் உருட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. சென்னியப்பன் என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்துவிட்டு, "என்ன படிச்சிருக்கீங்க அம்மிணி?" என்றார். எம்.ஏ. தமிழ் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

டோக்கன் வாங்கவில்லை. ரெண்டு நாள் கொடுங்க என்றார் மயில்சாமி. நாங்கள் கேட்டைத் தாண்டுவதற்குள் சென்னியப்பன் யாருக்கோ ஃபோன் போட்டுவிட்டார்.

வண்டியில் வரும்போது, கவுண்டம்பாளையம் பாலத்தில் இவர், "அக்ரிமென்ட் முடிஞ்சு சொல்லியிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றாமல் வேலைக்குப் போய்விட்டார்.

அந்த மனிதர் தன்னை முட்டாள் என்று நினைத்துக்கொண்டிருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. அதனால் சொன்னேன். அதற்காக மட்டும்தான்.

(வெற்றிலைத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க நான் படம் வரைந்தது நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. நல்ல படம்.)


மார்ச் 15, சனி

முதலில் வந்த இரண்டு பேரும் திரும்ப வந்துவிட்டார்களாம். ஒருவர் பழைய விலைக்கு மேல் இரண்டு லட்சம் தருகிறாராம். சென்னியப்பனே சொன்னார், அதில் ஒரு சந்தோஷத்தோடு.

நங்கையாவுக்குச் சேதி போய்விட்டது. "வலிய வந்த வீட்டை வாயால கெடுத்தவளை இப்பத்தான் பார்க்கறேன்" என்று இவரிடம் சொன்னாராம். இவர் அதை என்னிடம் சொன்னார். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று முகம் காட்டினார்.

மே 31க்கு எழுபத்தேழு நாள்.


மார்ச் 17, திங்கள்

சாயங்காலம் மயில்சாமி வந்தார். முன்னறிவிப்பு இல்லை. வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். இவரும் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். நாற்காலி போட்டேன்.

ஆதிரை அவரைப் பார்க்க உள்ளறையிலிருந்து வந்தாள். முன்னங்காலில், சத்தமே இல்லாமல்.

"ஏஞ்சாமி இப்படி நடக்கறே? கால்ல முள்ளா?" என்று கேட்டார்.

"கீழ பாட்டிக்குத் தலை வலிக்கும்" என்றாள் ஆதிரை. அவர் காதுக்குப் பக்கத்தில் போய், ரகசியமாக. பிறகு என்னைப் பார்த்தாள், சரியாகச் சொன்னேனா என்று.

நான் காப்பி போடப் போனேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்துவிட்டது. துடைத்துவிட்டு வர நேரமாகிவிட்டது.

அதைப் பற்றி இன்று எழுத முடியாது.

வந்த விஷயம் இது. மயில்சாமி பேசியதை அப்படியே எழுதிவைக்கிறேன். "ரெண்டு பேரு வந்துட்டாங்க. ஒருத்தர் கூடவே தர்றங்கறாரு. எனக்கு வேண்டாமுங்க. நான் மொதல்ல சொன்ன வெலை, அதுக்கு மேல ஒரு ரூவா வேண்டாம். ஆனா கொறைக்கவும் மாட்டேன். கொறைச்சா நான் இன்னும் தப்பான பத்திரம் வெச்சிருக்கறவனாட்டம் ஆயிரும் பாருங்க."

ஒரு நிபந்தனையும் வைத்தார். அன்று வங்கியை நம்பிய அந்த இருவரும் இப்போது ரொக்கத்தைப் புரட்டிக்கொண்டு நிற்கிறார்கள். எங்களுக்கு வங்கிக் கடன். சித்திரை பிறப்பதற்குள் அந்த ரிப்போர்ட்டை மாற்றிக் கடனை வாங்கிவிட வேண்டும். "அந்த வக்கீல்கிட்ட நீங்களே போயிப் பேசோணும் அம்மிணி. எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

இவர் என்னைப் பார்த்தார். குறைந்த விலையைவிட ஐந்து லட்சம் கூடுதல். நான் தலையாட்டுவதற்கு முன்பே, "எடுத்துக்கறோமுங்க" என்றார்.


மார்ச் 19, புதன்

கல்யாண வளையல் நான்கும் நகைக்கடனுக்குப் போயின. கை லேசாக இருக்கிறது. புரூஃப் திருத்த வசதி.


மார்ச் 26, புதன்

வக்கீல் ஆபீஸ். புரூஃப் வேலைக்குப் போகும் நாளில் கட்டுகிற நீலக் காட்டன் புடவை. ஆதிரையையும் கூட்டிப் போனேன், வேறு வழி இல்லை. இவர் வெளியே வண்டியில் நின்றார். உள்ளே வந்தால் நானே பேசிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்றார்.

ரிப்போர்ட்டை எழுதியது ஓர் இளம் பெண். பெயர் பிரதிக்ஷா, இருபத்தைந்து வயதுகூட இருக்காது. என்னிடம் முதலில் கடுமையாகத்தான் பேசினாள். அதே பத்திரம், அதே எல்லை, மறுபடி என்ன மேடம் என்றாள். நான் வாக்குவாதம் செய்யவில்லை. அவள் மேஜையிலிருந்த பேனா ஸ்டாண்டை எடுத்து நடுவில் வைத்தேன். காப்பி டம்ளரை அதற்கு ஒரு பக்கம் வைத்தேன். "பேனா ஸ்டாண்டுக்கு மேற்கு டம்ளர். சரிங்களா? அப்ப டம்ளருக்கு எந்தப் பக்கம் பேனா ஸ்டாண்ட்?"

கிழக்கு என்றாள். சொன்ன பிறகு வாயை மூடவில்லை. பத்திரத்தை இழுத்துப் படித்தாள், உதடு அசைய, எழுத்துக் கூட்டி.

"ஆறாவதுல இருந்து நான் பிரெஞ்சு எடுத்தேன் மேடம்" என்றாள். "மார்க் நல்லா வரும்னு. தமிழ் பேசுவேன், படிக்கத்தான் கொஞ்சம்..." அதற்கு மேல் பேசாமல், பின்னால் இருந்த ஃபைல் அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. இன்னும் எத்தனை வீட்டைத் திருப்பி வைத்திருக்கிறாளோ.

திட்ட வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். அவள் அந்த ஃபைல்களையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டதும், "நானும் ஒரு கைடுல ஒரு முழுப் பாடத்தையே விட்டிருக்கேன். அச்சாகி வந்த பிறகுதான் தெரிஞ்சது" என்றேன். அது உண்மை. யாருக்கும் இதுவரை சொன்னதில்லை.

திருத்திய ரிப்போர்ட் இன்றே கையெழுத்தாகிவிட்டது. ஆபீஸ் வராந்தாவில் ஆதிரை, தொம் தொம் என்று போய்வந்துகொண்டிருந்தாள். நான் அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.


ஏப்ரல் 9, புதன்

கிரயம் முடிந்தது.

பத்திரம் எழுதுபவரோடு காலையில் ஒரு சின்னச் சண்டை. "ரோட்டுக்கு மேற்கு" என்று அவர் சரியாகத்தான் எழுதியிருந்தார். அதன் கீழே, "அதாவது இவ்வீட்டின் தலைவாசல் கிழக்கு நோக்கி ரோட்டைப் பார்த்து உள்ளது" என்று சேர்க்கச் சொன்னேன். முப்பது வருஷமாக எழுதுகிறேன், வழக்கத்தில் அப்படி இல்லை என்றார். "பிரெஞ்சு படிச்சவங்களும் இனிமே படிப்பாங்கண்ணா" என்றேன். அவருக்கு விளங்கவில்லை, ஆனாலும் சேர்த்தார்.

பத்திரத்தில் முதல் பெயர் என்னுடையது. கோகிலவாணி. அப்புறம்தான் இவர் பெயர். நான் கேட்கவில்லை. வாங்குபவர் பெயர் என்ன என்று எழுத்தர் கேட்டபோது இவர் தானாகச் சொன்னார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

கைரேகை வைக்கும்போது மயில்சாமியின் கட்டைவிரல் மெஷினில் பதியவில்லை. வார்னிஷ். நான்காவது தடவை பதிந்தது. சாவியைக் கொடுக்கும்போது பழைய மூலப் பத்திரத்தை மட்டும் ஒருமுறை கையில் வாங்கி, "ரோட்டுக்கு மேற்கு" என்று அவரே விரல் வைத்துப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.


ஏப்ரல் 20, ஞாயிறு

நங்கையா ஃபோன் செய்தார். பொள்ளாச்சிப் பக்கம் அவர் மாமனார் பெயரில் ஒரு தோட்டம், பாகம் பிரிக்கிறார்களாம். வெயில், மழை, ஆதிரையின் ஸ்கூல் என்று சுற்றி வந்தார். கடைசியில், "வாணி, அந்தச் செக்குபந்திய ஒருக்காப் பார்த்துச் சொல்றியா?" என்றார்.

"அனுப்புங்க நங்கையா. புள்ளையப் பார்த்துட்டு, நேரமிருந்தாப் பார்க்கறேன்" என்றேன்.

நேரம் இருந்தது. உடனே பார்த்துவிட்டேன். நாளை மறுநாள் சொல்லலாம்.


மே 4, ஞாயிறு

பால் காய்ச்சினோம். பொங்கிய பால் கிழக்குப் பக்கம் வழிந்தது, நல்லது என்றார்கள். எனக்கு அந்தத் திசையில் என்ன வழிந்தாலும் சந்தோஷம்தான். நங்கையா குத்துவிளக்கு வாங்கிவந்தார். சுலோச்சனா அம்மாகூட வந்தார், ஒரு டப்பா மைசூர்பாகோடு. "மேல சத்தமே இல்லாம இருந்த ஒரே குடும்பம் நீங்கதான்" என்று எல்லோரிடமும் சொன்னார். பாராட்டாகத்தான் சொன்னார்.

நான் நன்றி சொன்னேன்.

ஆதிரை இங்கும் முன்னங்காலில்தான் நடக்கிறாள்.


மே 7, புதன்

காலை ஏழரை. இவர் வேலைக்குக் கிளம்பிவிட்டார். வாசலில் வெயில் வந்து உட்கார்ந்திருந்தது. நான் கறிவேப்பிலை பறித்துக்கொண்டு உள்ளே வந்தபோது ஆதிரை ஹாலின் நடுவில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, கீழ யாரு இருக்காங்க?"

"யாரும் இல்ல. மண்ணுதான் இருக்கு."

யோசித்தாள். "மண்ணுக்குத் தலை வலிக்குமா?"

"வலிக்காது சாமி."

ஒரு காலைத் தூக்கி, தொம் என்று வைத்தாள். வைத்துவிட்டு அசையாமல் நின்றாள். காதைச் சாய்த்து, கீழிருந்து தட்டு வருமா என்று கேட்டாள். நானும் கேட்டேன். என்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டேன். பக்கத்து வேலுமணி வீட்டில் குக்கர் விசில் அடித்தது. வேறு ஒன்றும் இல்லை.

மறுபடி ஒரு தொம். அப்புறம் அந்தச் சிவப்புத் தரை முழுக்க, வாசலிலிருந்து கறிவேப்பிலை மரம் வரைக்கும், அங்கிருந்து திரும்ப வாசல் வரைக்கும், குதிகால் அதிர அதிர ஓடினாள். சமையல் மேடையில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. பீரோ மேலிருந்த பந்தை எடுத்து அவள் பக்கம் உருட்டிவிட்டேன்.

மெல்ல என்று நான் சொல்லவில்லை.